‘டங்க்’ வெறும் பகட்டோ?

திருப்பூர்க் காதர்பேட்டைக் கடைகளில் குவிந்துள்ள பனியன்களைப் புரட்டுவார்க்கு ஓர் உருவம் கண்ணிற்படாமற் போகாது. கால்களை அகல விரித்து, ஒரு கையிற் பந்தை உயர்த்தி, விண்ணிற் பறப்பான் போன்ற ஆடவன் உருவமே அது. கூடைப்பந்தாட்டத்தை ஒருமுறையேனும் கண்டறியாதாரும் அதனை அணிந்து செல்கின்றனர். வளையத்திற்கு மேல் எழும்பிப் பந்தை உள்ளே குத்தித் திணிக்கும் அச்செயலை ‘ஸ்லாம் டங்க்’ என்ப. அது வெறும் பகட்டென்று இகழ்வார் நம் கல்லூரியிலும் உளர்.

அவர் கூற்றிற்கும் சான்றுண்டு. 1891-ம் ஆண்டில், ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டை வகுத்தபோது, பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைவித்தார். இலக்குத் தலைக்கு மேலிருப்பின் வலிந்தெறிதல் பயன்படாது. மெல்ல வளைத்தெறிதலே வேண்டும். அதனால் முரட்டுத்தனம் குறையும் என்பது அவர் கருத்து. ஆகவே, டங்க் ஆட்டத்தை ஆக்கியோன் உள்ளக்கிடக்கைக்கு மாறானதே. அன்றியும், எத்துணை உயரம் எழும்பினும் கிடைப்பன இரண்டே புள்ளிகள். அருகில் நின்று பந்தை மெல்லத் தட்டிவிடுவானுக்கும் அவ்விரண்டே.

ஆயினும், இதனைத் தடுத்தாரது வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். 1967-ல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் டங்க் விலக்கப்பட்டது. காயமுண்டாகும், வளையம் பழுதுறும் என்று காரணங் காட்டினர். ஏழடிக்கு மேல் உயர்ந்த லூ அல்சிந்தர் என்னும் கறுப்பின மாணவரை அடக்கவே அவ்விதி எழுந்தது என ஐயுற்றார் பலர். பின்னர்க் கரீம் அப்துல் ஜப்பார் எனப் பெயர்பூண்டவர் அவரே. தடையினால் அவர் சோர்ந்தாரல்லர். தலைக்கு மேலிருந்து வளைத்தெறியும் ‘ஸ்கை ஹுக்’ முறையிற் கைதேர்ந்து, 1969 வரை மூன்றாண்டும் தம் கல்லூரிக்கே வாகை சூட்டினார். 1976-ல் தடை நீங்கிற்று. அவ்வாண்டே டென்வர் நகரில் நிகழ்ந்த டங்க் போட்டியில், ஜூலியஸ் எர்விங் தனியெறிக் கோட்டருகினின்று எழும்பிப் பரிசு பெற்றார். நகரத்துத் தெரு மைதானங்களில் ஏழை இளைஞர் வளர்த்த கலையைப் பகட்டென்று ஒதுக்குதல் எமக்கு உடன்பாடன்று.

பகட்டு வேறெங்கோ உளது. பனியன்களிற் காணும் உருவத்திற்கு முதலாகிய மைக்கேல் ஜார்டனின் படம் ஆட்டத்தில் எடுத்ததன்று. படம் பிடித்தற்பொருட்டு நின்ற இடத்தினின்றே எழும்பியதாக அவரே கூறியுள்ளார். விற்பனைக்கு அது போதும் போலும்! ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்று இதனினும் நேர்மையுடையது. தக்கேஹிக்கோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த அதன் பெயரே ‘ஸ்லாம் டங்க்’. அக்கதைத் தலைவன் இருபதினாயிரம் முறை பந்தெறிந்து பழகுகின்றான். இறுதி ஆட்டத்தில் அவனுக்கு வெற்றி தருவதும் டங்க் அன்று, அங்ஙனம் பழகிய எளிய எறிதலே.

இனி நம்மூர்ச் செய்தி. பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் பகலெல்லாம் உழைக்கும் பெற்றோருடைய பிள்ளைகள் பறக்கும் வீரனை மார்பிற் சுமந்து சந்துகளில் நிற்கின்றனர். பனியன் எளிதிற் கிட்டுகின்றது, வளையம் கிட்டுவதில்லை. கிட்டினும் பத்தடி உயரம் பத்து வயதுச் சிறுவனுக்கு எட்டாக்கனியே. சிறார்க்குரிய ‘மினி’ கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர், ஏறத்தாழ எட்டரை அடி. அத்தகைய வளையம் ஒன்றை நம் மைதானத்தின் ஓரத்தில் நிறுவி, ஞாயிறு மாலைகளில் அக்கம்பக்கத்துச் சிறுவர் சிறுமியர்க்குத் திறந்துவிடுதல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம். ஓய்வுநாளில் விளையாட்டு ஆகாதென்று தடுக்கும் பெரியோர் இருப்பின், சனிக்கிழமை சம்பளம் வாங்கும் குடும்பங்கட்கு வேறு ஓய்வுநாள் இல்லை என்பதையும் நினைந்தருள்க. இரும்புக் கம்பம் ஒன்று, பலகை ஒன்று, வளையம் ஒன்று. பட்டறையில் ஒரு நாள் வேலை. பந்து வாங்குதற்கு எம் வகுப்பு மாணவர் பொருள் திரட்டத் தொடங்கியுள்ளோம். பழைய மாணவர் சங்கத்தாரும் கைகொடுப்பாராக.