திரும்பி வரும் பயம்

விண்வெளிப் பிரயாணம் என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றுகிற கேள்வி, "அவர்களுக்குப் பயமே இராதா?" என்பதுதான். 2025-ம் வருஷம் ஜூன் மாதம் நம் தேசத்து வீரர் ஸ்ரீ சுபான்ஷு சுக்லா ஆகாயம் ஏறியபோது நாமும் இதையே கேட்டுக்கொண்டோம். வீரர்கள் இதற்குப் பெரும்பாலும் புன்னகையையே பதிலாகத் தருவார்கள். தம் பயத்தை ஒளிக்காமல் எழுதிவைத்த ஒருவரும் உண்டு. 2021-ல் காலமான அமெரிக்கர் மைக்கேல் காலின்ஸ்தான் அவர்.

1969-ம் வருஷம் ஜூலை மாதம் சந்திரனுக்குச் சென்ற மூவரில் ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் என்ற இரு பெயர்களைப் பள்ளிக் குழந்தைகளும் சொல்லும். அவ்விருவரும் ஒரு சிறு கலத்தில் கீழே இறங்க, காலின்ஸ் தாய்க்கப்பலில் இருந்தபடி சந்திரனை வலம் வந்துகொண்டிருந்தார். ஒரு வலத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதில் 48 நிமிஷம் சந்திரனுக்குப் பின்னால் மறைந்துவிடுவார். பூமியின் குரல் அங்கே எட்டாது. அந்தத் தனிமையை எண்ணி உருகியவர்கள் அநேகர். அவரோ, தனிமை தமக்குப் பிடித்தே இருந்தது, சூடான காப்பிகூட இருந்தது என்று சொல்லிவிட்டார்!

அவரை அரித்த கவலை வேறு. கீழே இறங்கியவர்கள் மேலே கிளம்புவதற்கு இருந்த யந்திரம் ஒன்றே ஒன்று. மாற்று யந்திரம் கிடையாது. தாய்க்கப்பலுக்கோ சந்திரனில் இறங்கும் திறன் இல்லை. சிறு கலம் தட்டுத் தடுமாறியாவது மேலே வந்துவிட்டால் தேடிப் பிடிக்கலாம். அதற்கான 18 வித உபாயங்கள் அடங்கிய புஸ்தகத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தார். அது தரையை விட்டு எழும்பவே இல்லை என்றால்? தோழர் இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு, ஒருவராகத் திரும்ப வேண்டியதுதான். ஆறு மாத காலம் இந்தப் பயத்தை ரகசியமாக மனத்தில் சுமந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அப்படி நேர்ந்தால் உயிரை மாய்த்துக்கொள்ளாமல் ஊர் திரும்புவதென்று தீர்மானித்திருந்தார். ஆனால் ஆயுள் உள்ளவரை உலகம் தம்மை எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதையும் அறிந்திருந்தார்.

சாவுக்கு அஞ்சுவது மனித சுபாவம். தான் மட்டும் பிழைத்துவிடுவோமோ என்று அஞ்சுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இது வெறும் பிரமை அன்று. ஜனாதிபதி நிக்ஸன் வாசிப்பதற்கென்று இரங்கல் உரை ஒன்றை ஜூலை 18-ந் தேதியே எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். வாசிக்குமுன், விதவைகளாகப் போகும் மனைவியருக்கு டெலிபோன் செய்யவேண்டும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. பிரயாணிகளும் தாங்கள் கையெழுத்திட்ட தபால் உறைகளை வீட்டாருக்காக விட்டுச் சென்றார்கள். திரும்பாவிட்டால் அவற்றை விற்றுக் குடும்பம் நடக்கட்டும் என்பது ஏற்பாடு. சந்திரனுக்குப் போகிறவருக்கும் குடித்தனக் கவலை விடுவதில்லை போலும்!

ஜூலை 21-ந் தேதி சிறு கலம் கிளம்பவேண்டும். யந்திரத்துக்குரிய சுவிட்சு ஒன்று முன்பே முறிந்து போயிருந்தது. ஆல்ட்ரின் ஒரு பேனாவைச் செலுத்தி அதை அழுத்தினார். யந்திரமும் இயங்கிற்று. சுமார் 28 மணி நேரப் பிரிவுக்குப் பின் இரு கலங்களும் இணைந்தன. உள்ளே வந்த ஆல்ட்ரினின் தலையை இரு கைகளாலும் பற்றி நெற்றியில் முத்தமிடப் போன காலின்ஸ், கடைசி க்ஷணத்தில் கூச்சப்பட்டுக் கையை மட்டும் குலுக்கினாராம். முத்தமிட்டிருந்தால்தான் என்ன? நாம் ஒன்றும் தவறாக நினைத்திருக்க மாட்டோம்.