மீனுக்கு முன் நுண்ணுயிர் வளரட்டும்!

சிறு விவசாயிகள் பலர் உபதொழிலாக வண்ண மீன் வளர்ப்பில் இறங்கி வருகின்றனர். சென்னை கொளத்தூர் வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. 2020-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கு மானியம் இடம் பெற்றது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் தொட்டி கட்டிய கையோடு தண்ணீர் நிரப்பி, மறுநாளே மீன்களை விட்டு, சில வாரங்களுக்குள் பெரும்பகுதியைப் பறிகொடுப்போர் உண்டு. நோய் என்று கருதி மருந்துக்கும் பணம் செலவழிக்கின்றனர். பல சமயம் காரணம் நோயல்ல; பக்குவப்படாத தண்ணீரே.

தண்ணீரில் நடப்பது என்ன?

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். இது மீனுக்கு விஷம். பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷமே, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, செவுள் பழுப்பேறும். மற்றொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றியபின் கெடுதல் வெகுவாகக் குறையும். வயலில் இட்ட யூரியா கடைசியில் நைட்ரேட்டாக மாறுவதும் இவ்வகை நுண்ணுயிர்களால்தான்.

புதுத் தொட்டியில் இவை போதிய அளவு இரா. சுவரிலும், கூழாங்கல்லிலும், வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிப் பெருக 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம்.

செய்ய வேண்டியவை

புதுச் சிமெண்டுத் தொட்டியில் பலமுறை நீர் நிரப்பி, சில நாட்கள் ஊறவைத்து வடித்துவிட வேண்டும். சிமெண்டின் காரம் நீரில் இறங்கினால் அம்மோனியாவின் விஷம் கூடும். குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாளாவது காற்றோட்டத்துடன் வைத்திருந்து பயன்படுத்துவது நல்லது. குளோரின் மீனையும் நுண்ணுயிரையும் கொல்லும்.

பிறகு மீன் விடாமலே தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு, காற்றுக் குழாயை இரவு பகலாக ஓடவிட வேண்டும். நோயற்ற பழைய தொட்டியின் பஞ்சு ஒரு துண்டு போட்டால் காலம் குறையும். பாலுக்கு உறைமோர் விடுவது போன்றதே இது. சோதனைப் பெட்டியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி என்று சில நாட்கள் தொடர்ந்து காட்டினால் தொட்டி தயார்.

அப்போதும் மோலி, பிளாட்டி போன்ற தாங்கும் மீன்களைச் சிலவாக விட்டு, வாரங்கள் செல்லச் செல்லவே எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அம்மோனியா தலைகாட்டினால் தீவனத்தை நிறுத்தி, கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். பஞ்சைக் குழாய்நீரில் அலசுவது கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். கழித்த நீரைத் தென்னைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சலாம்.

காத்திருப்பது நஷ்டமா?

ஆறு வாரம் தொட்டி சும்மா கிடப்பதா என்று சிலர் கேட்கலாம். நாற்று வளரும் நாட்களை எந்த விவசாயியும் வீண் என்று சொல்வதில்லை. கடன் வாங்கிப் போட்ட முதல், செத்த மீனாக மிதப்பதைவிட இந்தக் காத்திருப்பு மலிவானது.

இதில் விவசாயிக்கு மட்டும் பொறுப்பு என்று விட்டுவிடுவது நியாயமல்ல. தொட்டி எத்தனை நாளானது என்று கேட்ட பிறகே வியாபாரிகள் மீன் விற்க வேண்டும். நோயற்ற தொட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டும் கொடுத்தனுப்பலாம். பயிற்சி வகுப்புகளில் மீன் ரகங்களுக்கு முன்பாகத் தண்ணீரைப் பற்றிய பாடம் வர வேண்டும். மானியத்தில் தரும் மீன்களை, நீர் சோதனையில் தொட்டி தேறிய பிறகே வழங்க வேண்டும். முதல் தொட்டியிலேயே மனம் உடைந்த சிறு விவசாயி இரண்டாம் முறை இத்தொழில் பக்கம் திரும்பமாட்டார். நுண்ணுயிரை முதலில் வளர்த்தவருக்கு மீன் தானே வளரும்.