ஆறு மணிக்கு மேல் எரியும் கரன்ட்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மந்தாரக்குப்பத்துத் தெருக்களில் நடந்தால், வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்கும். வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வந்து மாவாட்டுவதும் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவதும் அப்போதுதான். பிள்ளைகள் படிப்பதற்கும் அதுதான் நேரம். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே குடியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகள் இவை. ஈபி கட்டணத்தில் நூறு ரூபாய் கூடினாலும் அந்த மாதச் செலவு இடிக்கும்.

இந்த நேரத்துக்குத்தான் தனி விலை வைக்கச் சொல்கிறது 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதி. சூரிய மின்சாரம் கிடைக்கும் எட்டு மணி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் இறங்க வேண்டும். சாயங்காலம் போலத் தேவை மிகும் உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் ஏற வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் இது நடைமுறைக்கு வர வேண்டும். பொழுது சாய்ந்ததும் சூரிய மின்சாரம் நின்றுபோகிறது, வெளியில் வாங்கும் மின்சாரத்துக்கு விலை கூடுகிறது என்ற காரணம் நியாயமானதுதான். ஆனால் ‘குறைந்தது’ என்று சொன்ன விதி, அதிகபட்சம் எவ்வளவு என்று சொல்லவே இல்லை.

உச்சவரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸ் பார்த்தது. மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டின் தலையில் கட்டும் திட்டத்தில் ‘கிரிடி’ என்ற நிறுவனத்திடம் சேர்ந்தவர்களுக்கு, யூனிட் 9 டாலர் வரை போய், சில நாளிலேயே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அதே ஆண்டு அந்த மாநிலம் வீடுகளுக்கு அத்தகைய திட்டத்தையே சட்டம் போட்டுத் தடுத்தது. நம் மின்சாரச் சந்தையிலும் 2022 மார்ச்சில் யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உடனே 12 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியது. மொத்தமாக வாங்குகிறவர்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு கிரைண்டர் போடும் வீட்டுக்கும் வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடுகளுக்கு நேரக் கட்டணம் கட்டாயமாகக் கூடாது. மற்றவர்களுக்கும் உச்ச நேரக் கூடுதல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் உத்தரவிலேயே எழுத வேண்டும். 2022 கட்டண உயர்வுக்கு அந்த ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் மக்களிடம் கருத்துக் கேட்டது. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்து, அனல் மின் நிலையச் சாம்பலைச் சுவாசித்து, ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் கடலூர் மாவட்டத்தில் கேட்கவில்லை. அடுத்த முறை இங்கேயும் கேட்கச் சொல்லி ஆணையத்துக்கு இப்போதே கடிதம் எழுதுங்கள்.