பேட்டரி செத்தா யாருக்கு சங்கு?

போன ஞாயித்துக்கிழமை வண்டலூர்ல ஒரு கல்யாணம். ஏழரைக்கு முகூர்த்தம். தங்கமணி பட்டுப்புடவை, நான் வேட்டி சட்டைன்னு அமர்க்களமா கார்ல ஏறி சாவியைத் திருப்பினா... டிக், டிக், டிக். அவ்ளோதான். மறுபடி திருப்பினா அந்த டிக் கூட இல்லை. கடைசியில ஆட்டோவுல போய் இறங்கினோம். வழி நெடுக எனக்கு நடந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. ஹி ஹி.

பீர்க்கன்கரணைவாசிகளுக்கு இந்த டிக் டிக் ஒண்ணும் புதுசில்லை. எங்க தெருவுல காருக்குப் பஞ்சமே இல்லை, அதை ஓட்டத்தான் ஆள் இல்லை. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் பெருங்களத்தூர் ஸ்டேஷன்ல மின்சார ரயிலைப் பிடிச்சு மாம்பலம், எக்மோர்னு போற ஜனங்கள் நாங்க. கார் பாட்டுக்கு மரத்தடியில தூங்கும். ஞாயித்துக்கிழமை தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்தா அதுவே பெரிய பயணம். ஆக, எங்க ஊர்ல பேட்டரி ஓடி ஓடிச் சாகறதில்லை. படுத்துப் படுத்தே சாகுது.

காரணம் ரொம்ப சிம்பிள். பேட்டரிக்குள்ள ஈயத் தகடும் கந்தக அமிலமும் இருக்கு. மின்சாரம் செலவாகும்போது தகட்டு மேல ஈய சல்ஃபேட் படியும். வண்டி ஓடினா ஆல்டர்னேட்டர் திரும்ப சார்ஜ் ஏத்தும், படிஞ்சது கரைஞ்சிடும். ஏத்தாம நாள் கணக்கா போட்டு வச்சா அது இறுகிப் போயிடும், அப்புறம் கரையவே கரையாது. வண்டி நிக்கும்போதும் கடிகாரம், அலாரம்னு கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். கூடவே நம்ம சித்திரை வெயில், கேக்கணுமா? 2020 ஊரடங்குல மாசக்கணக்குல கார் நின்னப்போ எத்தனை பேட்டரி மண்டையைப் போட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

சிலர் தினம் காலைல அஞ்சு நிமிஷம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி அணைச்சிடுவாங்க. பேட்டரிக்கு சேவை பண்றாங்களாம்! ஸ்டார்ட் பண்ண செலவான சார்ஜே அதுல முழுசா திரும்பி வராது. அதுக்கு பதில் வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஜிஎஸ்டி ரோட்டுல ஓட்டிட்டு வாங்க. புண்ணியமாப் போகும்.

இன்னொரு விஷயம். டிக் டிக்னாலே பேட்டரி காலின்னு அர்த்தம் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஆனப்போ ஒரு கடையில பானெட்டைத் திறந்து ஒரு நொடி பார்த்துட்டு "மாத்திடுங்க சார்"னு சொல்லிட்டாங்க. மீட்டரைக் கூட வச்சுப் பார்க்கலை. நல்லவேளை, எதிர் வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயிருந்தது. முதல்ல மைனஸ், அப்புறம் ப்ளஸ்னு வயரைக் கழட்டினார். வெந்நீர்ல கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து தேய்ச்சு, நல்லா துடைச்சு, முதல்ல ப்ளஸ், கடைசியா மைனஸ்னு மாட்டி, மேலே வாசலின் தடவினார். பக்கத்து வீட்டு கார்லேர்ந்து ஜம்பர் போட்டதும் வண்டி ஜம்முனு கிளம்பிடுச்சு. அந்த பேட்டரிதான் அப்புறமும் ரெண்டு வருஷம் உழைச்சது!

அதனால மாத்தறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கச் சொல்லுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12 கிட்ட இருந்தா காலி. ஆனா காலியா இருக்கறது வேற, கெட்டுப்போறது வேற. சார்ஜ் ஏத்தி லோடு டெஸ்ட் பண்ணாத்தான் உண்மை தெரியும். தண்ணி ஊத்தற பேட்டரின்னா டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். நம்ம ஏரியா போர் தண்ணியை ஊத்தினீங்கன்னா பக்கெட்ல படியற அதே உப்பு பேட்டரிக்குள்ளயும் போகும்.

சரி, இந்த தடவை என்ன ஆச்சு? நாலு வருஷத்துக்கு மேல ஆன பேட்டரி, டெஸ்ட்ல நிஜமாவே ஃபெயில். புதுசு வாங்கியே ஆகணும். பழசைக் கொடுத்தா ஆயிரம் ரூபா கழிச்சுக்கறேன்னார் கடைக்காரர். யோசிச்சு சொல்றேன்னுட்டு வீட்டுக்கு வந்தா, தெருவுல மைக் செட்டோட காயலான் கடை வண்டி. "பழைய பேட்டரியா சார்? ஆயிரத்து முந்நூறு தரேன், கையில காசு"ன்னார்.

சும்மா கிடைக்குது முந்நூறு ரூபா! எனக்கும் சபலம் தட்டிச்சு, பொய் சொல்லலை. ஆனா ஒரு கேள்வியும் கேட்டு வச்சேன். "இதை என்னண்ணே பண்ணுவீங்க?" அவர் ரொம்ப சாதாரணமா சொன்னார். "தண்ணியைக் கீழ ஊத்திட்டு உடைக்க அனுப்பிடுவோம் சார்."

அந்தத் 'தண்ணி' வேற ஒண்ணும் இல்லை, ஈயம் கலந்த ஆசிட். கால்வாய்ல ஊத்தினது மழை வந்தா எங்கே போகும், எந்த வீட்டுக்குள்ள ஏறும்னு 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் கண்ணால பார்த்தவங்க நாம.

சின்ன கார் பேட்டரியே கிட்டத்தட்ட பத்து கிலோ வரும், அதுல பாதிக்கு மேல ஈயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்புன்னு குழப்பிக்காதீங்க, அது வெள்ளீயம். இது காரீயம், விஷம். இவ்ளோ கம்மின்னா பரவாயில்லைன்னு ஒரு அளவே இதுக்குக் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. முதல்ல அடிபடறது குழந்தைங்க மூளை. 2020ல யுனிசெஃப் ஒரு அறிக்கை விட்டாங்க. ரத்தத்துல கவலைப்படற அளவுக்கு ஈயம் இருக்கற குழந்தைங்க உலகத்துல சுமார் 80 கோடி, அதுல இந்தியாவுல மட்டும் 27 கோடிக்கு மேல. பேட்டரியைக் கண்டபடி உடைச்சு உருக்கறது முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு. செனகல் நாட்டுல தியாரோயே-சுர்-மேர்னு ஒரு ஊர். பேட்டரி உடைச்ச இடத்து மண்ணைச் சலிச்சு ஈயம் எடுத்துக்கிட்டிருந்தாங்க. 2007 கடைசியிலேர்ந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப் போச்சு.

அந்த முந்நூறு ரூபா எங்கேர்ந்து வருதுன்னு இப்போ புரியுதா? முறையா உருக்கற ஆலை புகையை வடிகட்டணும், ஆசிட்டைச் சுத்தம் பண்ணணும், வரி கட்டணும். கொல்லைப்புறத்துல உருக்கறவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அவருக்கு மிச்சமாகற செலவை, அந்தப் புகைக்குப் பக்கத்துல விளையாடற குழந்தை கட்டுது. காயலான் கடைக்காரரைத் திட்டி எழுதலை, தப்பா எடுத்துக்காதீங்க. பாவம், முதல்ல ஈயத்தைச் சுவாசிக்கறதே அந்தத் தொழில்ல இருக்கறவங்களும் அவங்க பிள்ளைங்களும்தான். அவங்க கையில அதைக் கொடுக்கறது நாம.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2001 விதியிலேயே பழைய பேட்டரியை டீலர் மாதிரி முறையான இடத்துலதான் ஒப்படைக்கணும்னு நம்ம தலையிலயும் பொறுப்பு வச்சிருந்தாங்க. அதுக்கு பதிலா வந்த 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் திரும்பச் சேகரிக்கிற கடமையைத் தயாரிப்பாளர் மேலயே போட்டிருக்கு. நாமளும் வீட்டுக் குப்பையோட கலக்காம தனியா ஒப்படைக்கணும். பேட்டரி மேல குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டி படம் இருக்கறது அதுக்குத்தான்.

ஆனா படமும் விதியும் இருந்தா போதுமா? என்னைக் கேட்டா, பழசுக்கு என்ன விலைன்னு ஒவ்வொரு பேட்டரி கடையும் வாசல்ல போர்டு வைக்கணும். காயலான் விலைக்குப் பக்கத்துல அது இருக்கணும். நல்லது பண்ணா நஷ்டம்னா எத்தனை பேர் பண்ணுவாங்க சொல்லுங்க?

அது நடக்கும்போது நடக்கட்டும். நான் பழசைக் கடையிலேயே கொடுத்து, கழிச்ச தொகையை பில்லுல எழுதச் சொல்லி வாங்கிட்டேன். நீங்களும் பில் கேட்டு வாங்குங்க. நாளைக்கு வாரண்டிக்கும் அதுதான் ஆதாரம்.

"முந்நூறு ரூபா போச்சே"ன்னு தங்கமணி இன்னும் முணுமுணுத்துக்கிட்டு இருக்காங்க. "அது நம்ம காசே இல்லம்மா"ன்னு சொன்னேன். பதிலுக்கு ஒரு முறைப்பு. ஆனா இந்த ஞாயிறு சாவியைத் திருப்பினதும் வண்டி கிளம்பினதுல பாதி கோபம் போயிடுச்சு. மீதிக்கு ஒரு ஓட்டல் டிபன் வாங்கிக் கொடுத்தாச்சு. ஆச்சு முந்நூறுக்கு மேலயே!