முத்துக்குளிப்பைத் திரையில் வடிக்க எந்தக் கருவி?

கொற்கையும் காயலும் முத்தினால் உலகறிந்த துறைகள். ஆயினும், தூத்துக்குடியில் அரசு நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவருள் எவரும் அக்காட்சியைக் கண்டவரல்லர். அதனைக் கணிப்பொறியின் துணைகொண்டு திரையில் மீட்க இளைஞர் சிலர் விழைவது போற்றத்தக்கது. அப்பணிக்கு எம்மென்பொருளைத் தேர்வது என்பது வெறும் தொழில்நுட்ப வினா அன்று. நம் ஒழுக்கத்தையும் உரசிப் பார்க்கும் வினா.

கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்கும் முத்துக்குளிப்பவரை எண்ணிப் பாருங்கள். அவர் தலைமயிர் நீரில் விரிந்து அலைகிறது, குமிழிகள் மேலெழுகின்றன, சிப்பியைப் பெயர்க்கையில் மணல் புகையெனக் கிளம்புகிறது. மயிர், குமிழி, துகள் ஆகிய இம்மூன்றுமே கணிப்பொறி ஓவியத்தில் கடினமானவை. சுவரை வரைய ஒரு பரப்புப் போதும். மயிரோ எண்ணிறந்த இழைகள். ஒளி ஒவ்வோர் இழையிலும் பட்டுத் தெறிக்கும், ஓரளவு ஊடுருவியும் செல்லும். ஓரிழையின் நிழல் பிறிதோர் இழைமேல் விழும். துகள் ஒவ்வொன்றுக்கும் பிறப்பும் வேகமும் மறைவும் வகுக்க வேண்டும். இவற்றையெல்லாம் கணக்கிட்டு இறுதிப் படமாக வடிப்பதையே ரெண்டரிங் என்பர்.

பிக்சார் நிறுவனத்தின் 'மான்ஸ்டர்ஸ் இன்க்' (2001) படத்தில் சல்லி என்னும் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 23 இலட்சம் மயிரிழைகள். புதுச்சேரியில் கதை தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்தின் புலி, பெரும்பாலும் கணிப்பொறியில் பிறந்ததே. அப்புலியைப் படைத்த ரிதம் அண்டு ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவாலாக மனுச் செய்தது. அதே மாதத்தில்தான் அப்படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது! பெருநிறுவனங்களே தள்ளாடும் துறையில் நம் மாணவர் தம் வலியறிந்தே இறங்க வேண்டும். வள்ளுவர் வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தது காரணமின்றியன்று.

எளிய கணக்கு ஒன்று. திரைப்படத்துக்கு ஒரு நொடிக்கு 24 படங்கள். ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒரு படத்தை வடிக்கப் பத்து நிமிடம் ஆகுமெனில், ஒரு நிமிடக் காட்சிக்கு ஒரு கணிப்பொறி பத்து நாள் இரவும் பகலும் ஓய்வின்றி உழைக்க வேண்டும். ஆகவே, "எது சிறந்த மென்பொருள்?" என்பதினும் "நம்மிடமுள்ள கருவியில் எது முடியும்?" என்பதே முதல் வினாவாதல் தகும்.

என் கருத்தில், தொடங்குவோர்க்கு ஏற்றது பிளெண்டர். 2002இல் ஏழே வாரங்களில் ஒரு இலட்சம் யூரோ நன்கொடை திரட்டப்பெற்று, அம்மென்பொருள் உலகப் பொதுச் சொத்தெனத் திறந்துவிடப்பட்டது. விலையில்லை, அதில் செய்த படைப்பை விற்கவும் தடையில்லை. அதன் மயிர் வடிக்கும் ஆற்றலைக் காட்டவே 2008இல் முயலொன்றை நாயகனாக்கி 'பிக் பக் பன்னி' என்னும் குறும்படம் எடுத்தனர். அதிலுள்ள சைக்கிள்ஸ் என்னும் ரெண்டரிங் பகுதி ஒளியின் வழியை நுணுகிக் கணக்கிடும். ஈவீ என்னும் பகுதி விரைந்து முடிக்கும். முத்துக்குளிப்பவரின் முகத்தை அணுகிக் காட்டுகையில் முன்னதும், கலங்கிய நீரில் தொலைவில் காட்டுகையில் பின்னதும் போதுமானவை. லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் 'ஃப்ளோ' (2024) படத்தின் பூனையை இழையிழையாக வடிக்காமல் தூரிகைத் தீற்றல் போல அமைத்து, ஈவீயைக் கொண்டு தம் சொந்தக் கணிப்பொறியிலேயே வடித்து முடித்தார். அப்படம் 2025 மார்ச்சில் ஆஸ்கர் வென்றது.

"தொழிற்கூடங்கள் மாயா, ஹூடினி ஆகியவற்றையன்றோ கேட்கின்றன?" என்பார் உளர். உண்மையே. ஹூடினி துகள் விளைவுகளில் தேர்ந்தது. அதற்குக் கற்போருக்கான விலையில்லாப் பதிப்பு உண்டு. பிக்சாரின் ரெண்டர்மேனும் 2015 முதல் வணிகமல்லாப் பயன்பாட்டுக்கு விலையின்றிக் கிடைக்கிறது. அவற்றின் நிபந்தனைக்கு உட்பட்டுக் கற்கலாம். விலையுயர்ந்த மென்பொருளின் பூட்டை உடைத்த திருட்டுப் படியைக் கற்றலின் பெயரால் நிறுவிக்கொள்வது மட்டும் ஆகாது.

அளவையில் குறைப்போரைக் கண்டிக்கத் திருமறையில் தனி அத்தியாயமே உண்டு. பிறர் உழைப்பின் கூலியைக் குறைப்பதும் தராசைச் சாய்ப்பதும் வேறல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கரையில் எடுத்த சிப்பியை அரசுக்கு இரு பங்கும் குளித்தோருக்கு ஒரு பங்குமாகக் கூறு வைத்தனர். அப்பிரிவினை நேரிதா என வாதிடலாம். ஆனால், உயிரைப் பணயம் வைத்தோரின் அவ்வொரு பங்கைக் களவாடுவதை எவர் ஒப்புவர்? மென்பொருள் எழுதியவரின் பங்கும் அத்தகைய அமானிதமே.

தமிழ்த்துறைக்கும் இங்குக் கடமை உண்டு. இக்கலையைத் தெளிந்த தமிழில் விளக்கும் கையேடும் கலைச்சொற்பட்டியலும் கணினித் துறையோடு கூடி நாம் ஆக்க வேண்டும். முத்துக்குளித்தலை நினைவில் வைத்திருக்கும் முதியோரிடம் மாணவர் கேட்டறிந்து காட்சிகளை அமைக்க வேண்டும். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்குக. இறைவன் துணை நிற்பானாக!