படகோட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

கடலில் கடைசி வார்த்தை படகோட்டியுடையது. காசு கட்டியவருக்கோ, விடுமுறை முடியப்போகிறதே என்று தவிப்பவருக்கோ அதில் பங்கில்லை. இதைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். படித்தவர்கள், நிதானமானவர்கள் என்று நான் நம்பியிருந்த ஆறேழு பேர் ஒரு விடியற்காலையில் இதை ஒப்புக்கொள்ள மறுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

இடம், இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள பாசிக்குடா. பிரான்சில் இருக்கும் என் மகன் ஆகஸ்ட் விடுமுறைக்கு மனைவி, பிள்ளை, இரண்டு நண்பர்கள் சகிதம் புதுச்சேரிக்கு வந்திருந்தான். அவனுக்கு முக்குளிப்பில் பைத்தியம். மூழ்கிய கப்பலைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரையும் கிளப்பிவிட்டான். என் மைத்துனர் மகனும் ஒட்டிக்கொண்டான். எனக்கு வயது எழுபத்தாறு. படகில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

உடைந்து மூழ்கிய கப்பலைப் பிரெஞ்சில் 'எபாவ்' என்பார்கள். வாழ்ந்து கெட்டு ஒடிந்துபோன மனிதனுக்கும் அதே சொல்தான். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கூஸ்தோவின் 'மௌன உலகம்' படத்தை ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். 1956இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம். அதில் செங்கடலின் அடியில் கிடக்கும் ஒரு சரக்குக் கப்பலுக்குள் நீந்திப் போவார்கள். அப்புறம் ஒரு வாரம் எங்கள் வகுப்பில் எல்லாப் பையனும் கூஸ்தோதான். ஆகவே மகனின் ஆசை எனக்குப் புரியாதது அல்ல.

அந்தக் கரையில் இத்தனை கப்பல்கள் கிடப்பதற்குக் காரணம் ஒரே ஒரு நாள். 1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் அன்று திருகோணமலையைத் தாக்கிவிட்டு, தெற்கே போயிருந்த 'ஹெர்மெஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தன. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. அன்றைக்குப் பார்த்து அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே போகலாம். அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. எங்கள் கோஷ்டி போனது அதற்கு.

இனி காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாசிக்குடாவில் கடல் குளம் மாதிரி இருக்கும். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். ஆகஸ்டில் அங்கே மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவது கச்சான் காற்று. (அங்கே வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். 'கச்சான் வேணுமா ஐயா' என்று ஒரு சிறுமி கேட்டபோது நான் விழித்தேன்.) கச்சான் நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று. கரையோரத் தண்ணீரை அது கிளப்பாது. தள்ளிப் போகப் போகத்தான் அலையை எழுப்பும். கரையில் நிற்பவனுக்குக் கடல் கண்ணாடி. வெளியே போனவனுக்குத்தான் தெரியும். போதாததற்கு, இயந்திரம் நின்றுபோனால் காற்று படகைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்காது, வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்.

முதல் நாள் போனோம். படகோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க உள்ளூர்க்காரர். ஏழு மணிக்கு நல்ல கடல். வழிகாட்டியோடு ஐந்து பேர் இறங்கினார்கள். எட்டு மணிக்குள் காற்று ஏறிவிட்டது. கீழே இருப்பவர்களுக்கு இது தெரியாது. இருபது மீட்டருக்குக் கீழே அமைதியாகத்தான் இருக்குமாம். நினைத்த மாத்திரத்தில் மேலே வரவும் முடியாது. மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுதான் வர வேண்டும். படகோட்டி முன்புறம் ஏறி நின்று நான்கு திசையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கே பார்த்தாலும் வெள்ளை நுரை. அதில் மனிதத் தலையை எங்கே தேடுவது? கடைசியில் இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒரு ஆரஞ்சு நிறக் காற்றுக் குழாய் நிமிர்ந்து தெரிந்தது. என் பேரன் பிடித்திருந்தது. நீரோட்டம் அவ்வளவு தூரம் இழுத்திருக்கிறது. அந்த இருபது நிமிடம் எனக்கு எப்படிப் போயிற்று என்பதை எழுதத் தெரியவில்லை.

ஏறுவது அதைவிடப் பாடு. படகின் ஏணி ஒரு ஆள் உயரம் எழும்பி எழும்பி விழுகிறது. முதுகில் சிலிண்டரோடு மனிதன் அதைப் பிடிக்க வேண்டும். நண்பர் ஒருவருக்குத் தாடையில் அடிபட்டு மூன்று தையல். "சுழியோடுறது லேசு ஐயா, படகில ஏறுறதுதான் கஷ்டம்" என்றார் படகோட்டி. முக்குளிப்பதை அங்கே சுழியோடுவது என்பார்கள்; அழகான சொல்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு அவர் கரையில் நின்று மேற்கே பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஏலாது" என்றார். அவ்வளவுதான். கிளம்பியது வாதம். கடல் கண்ணாடியாக இருக்கிறதே என்றார் ஒருவர். நாளை கொழும்பு விமானம், பதினெட்டு மணி நேர இடைவெளி வேண்டும், இன்று காலை விட்டால் இல்லை என்றார் இன்னொருவர். பணம் கட்டியாயிற்றே என்றார்கள் எல்லோரும். படகை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் மேலாளரும் "போகலாம், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பயணம் நின்றால் பாதிப் பணத்தைத் திருப்ப வேண்டும் அல்லவா! சம்பளத்துக்கு ஓட்டுகிற படகோட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். மேலாளரிடம் சொன்னேன்: "தம்பி, படகோட்டி மறுத்தும் என் பொறுப்பில் அனுப்புகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுங்கள். பிள்ளைகள் போகட்டும்." அவர் தாள் எடுக்கவில்லை. அன்று யாரும் போகவில்லை.

போயிருந்தால் ஒன்றும் ஆகாமலேயே திரும்பியிருக்கலாம். அதுதான் இதில் உள்ள வம்பு. பத்துத் தடவை ஒன்றும் ஆகாது. பதினோராவது தடவை படகோட்டி வேண்டாம் என்கிறபோது, அந்தப் பத்தையும் சொல்லி அவர் வாயை அடைப்பார்கள்.

இன்னொரு தாள் விஷயமும் உண்டு. இறங்கும் முன் உடல்நிலை பற்றிப் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அத்தனைக்கும் 'இல்லை' என்று போட்டுக்கொண்டே போனார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவரா என்ற கேள்விக்கு, நாற்பத்தெட்டு வயது என் மகனும் 'இல்லை'! பிரான்சில் அவன் சங்கத்துக்கு ஆண்டுதோறும் மருத்துவச் சான்று கொடுக்கிறவன்தான். சான்று பெட்டியில் இருக்கிறது. படிவத்தைப் படிக்க மட்டும் பொறுமை இல்லை. மைத்துனர் மகனுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. நான் சொல்லித்தான் 'ஆம்' என்று திருத்தினான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வரும்போது விரியும். மூச்சுக்குழாய் சுருங்கி அது வெளியேறாமல் நின்றால் நுரையீரல் கிழியும். மருத்துவர் எழுதித் தராமல் இறக்க மாட்டோம் என்றார்கள். அந்த மட்டில் அவர்களைப் பாராட்ட வேண்டும். பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதே படிவத்தின் பின்பக்கத்தில், என்ன நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று நெருக்கிய எழுத்தில் இருபது வரி. கடல் சரியில்லை என்று முடிவு செய்கிறவர் யார் என்பதற்கு ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி முதலில் வர வேண்டும்: படகோட்டி மறுத்தால் பயணம் இல்லை, கட்டிய பணம் முழுவதும் திரும்பும், மறுத்ததற்காக அவர் கூலி குறையாது. இது இல்லாதவரை அவர் மறுப்பதற்கு விலை அவர் தலையில்தான் விழும். குடும்பத்தோடு போகிறவர்களும் பணம் கட்டும் முன் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கப்பலைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நடுவில் வைத்து ஒரு நாளைச் சும்மா விடுங்கள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற வார்த்தையைப் பெரியவர்கள் யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

பாதிப் பணம் திரும்ப வேண்டும் என்றேன் அல்லவா? அது இன்னும் வரவில்லை. விவரமாக ஒரு கடிதம் அனுப்பினேன். போன திங்கட்கிழமை முதல் நினைவூட்டல் போட்டிருக்கிறேன். நகல் படகோட்டிக்கு.