மடையன் என்றொரு சொல்

எங்கள் வங்கிக் கிளையில் ஒருநாள் டீ ஆறிப்போயிருந்தது. கொண்டுவந்தவரைப் பார்த்து ‘மடையா’ என்றார் அதிகாரி. டீ கொண்டுவந்தவருக்கு அவருடைய அப்பா வயசு. கேஷ் கூண்டுக்குள் நோட்டு எண்ணிக்கொண்டிருந்த எனக்குக் கணக்குத் தப்பிப்போச்சு.

தமிழ்ப் பேரகராதியைப் பிரித்துப் பாருங்கள் தோழர்களே. மடை என்றால் சமையல். தெய்வத்துக்குப் படைக்கிற சோறு. மடைநூல் என்பது சமையல் நூல். மடையன், சமைக்கிறவன். பக்கத்திலேயே இன்னொரு மடையன் இருக்கிறான். ‘மடம்’ என்ற சொல்லில் இருந்து வந்தவன், அறிவிலி. அகராதி ரெண்டு பேரையும் தனித்தனியாத்தான் உட்கார வச்சிருக்கு.

வேர் வேறதான், ஒத்துக்கிறேன். பண்டிதர்கள் இத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். நமக்குக் கேள்வியே இங்கேதான் தொடங்குது. ஒரே பெயரில் ரெண்டு பேர் இருந்தார்கள். சமைத்தவன் பெயர் செத்தது, வசவு மட்டும் பிழைத்தது. ஏன்?

மடைப்பள்ளி சாகலையே! கோயிலில் இன்றைக்கும் அதே பெயர்தான். இடத்துக்குப் புனிதம், ஆளுக்கு வசவு. அங்கே பார்ப்பனர் சமைத்தால் பரிசாரகர். அரசன் நளன் கரண்டி பிடித்தால் நளபாகம், பீமன் பிடித்தால் பீமபாகம். கூலிக்கு அடுப்பு ஊதுகிறவனுக்கு மட்டும் மரியாதையா ஒரு பேர் மிஞ்சலை. இழிவு தொழிலில் இல்லை. யார் செய்கிறான் என்பதில் இருக்கு.

இன்னொரு வேடிக்கை. சமையல் இழிவாம், ஆனா அந்த இழிவுக்கும் நாம ஆகாதாம். பள்ளிகளில் மதிய உணவு சமைக்கத் தலித்துகளுக்கு முன்னுரிமை கொடு என்று உச்சநீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கசாதிக்காரர்கள் மறித்தார்கள். வழக்குப் பதிவாச்சு. வயலில் நம்ம கை பட்ட நெல்லில் தீட்டில்லை. அதையே நாம சோறாக்கினா தீட்டு!

அந்தச் சொல் நம்ம வாயிலும்தான் இருக்கு. வீட்டில் பிள்ளையைத் திட்ட, கூட்டத்தில் எதிராளியை மடக்க நாமும் அதைத்தான் எடுக்கிறோம். முதலில் அதை நாம துப்பணும்.

அன்றைக்கு நான் அதிகாரியை ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து நோட்டை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். அடுத்த தடவை எண்ண மாட்டேன்.